கணவாய்க் காற்றில் வார்த்த மேஜை: கொழிஞ்சாம்பாறைத் தோப்பு வீட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வாசலுக்கு எதிரே களம், களத்தை ஒட்டிக் கொப்பரைக் கொட்டகை, கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம். அந்த வேப்பமரத்தடியில் ஒரு சாப்பாட்டு மேஜை வேண்டும் என்பது மாமாவின் வெகுநாள் ஆசை. பிளாஸ்டிக் மேஜையைக் காற்று களத்தின் மறுகோடிக்குத் தள்ளிவிடுகிறது. மர மேஜை போட்டால் ஒரு மழைக்காலத்தில் கரையான் ஏறிவிடுகிறது. தேங்காய் வெட்டு நடக்கும்போது ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேறு இடமும் இல்லை.

கேட்டது இதுதான்: ஆறடி நீளம், மூன்றடி அகலம், எட்டுப் பேர் உட்கார வேண்டும், வெயிலோ மழையோ அங்கேயே கிடக்க வேண்டும், பார்க்கக் கல் மாதிரி இருக்க வேண்டும். அக்கா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்: "டம்ளர் வெச்சா ஆடக் கூடாது, துணியால தொடச்சா சுத்தமாகணும்."

கல் மாதிரி எதற்கு, கல்லையே வாங்கிப் போடலாமே என்றுதான் நானும் முதலில் சொன்னேன். கிரானைட் வாங்கிக் கால் அடித்துப் போட்டால் இதைவிட உறுதியாகவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. கடப்பைக் கல் விலை குறைவு, ஆனால் வெளியே கிடந்தால் ஓரத்தில் ஏடு ஏடாகப் பெயரும். கடையில் கிடைக்கும் கிரானைட் பெரும்பாலும் 18, 20 மில்லிமீட்டர் கனம்தான். மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சமையல் மேடையத் தூக்கி வெளிய போட்ட மாதிரி இருக்கும் மாப்ள" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. வார்ப்பதென்று முடிவாயிற்று.

நான் வேலிக்கால், சிலாப், ஹாலோ பிளாக் வார்க்கும் பட்டறையில் வேலை செய்பவன். இருந்தாலும் முதல் பலகையை நான் பார்ப்பதற்கு முன்பே உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை வைத்து மாமா ஊற்றி முடித்துவிட்டார். நான் போனபோது அது இரண்டு துண்டாகக் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றது. "சிமெண்டே சரியில்ல" என்பது மாமாவின் தீர்ப்பு.

உடைந்த பலகை

உடைந்த முகத்தை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஜல்லியும் சாந்தும் மேலிருந்து கீழ்வரை சீராகப் பரவியிருந்தன. பொந்து இல்லை, ஜல்லி அடியில் படியவும் இல்லை. கலவையில் கொத்தனாரைக் குறை சொல்ல எதுவுமே கிடையாது. ஆனால் அந்தப் பலகையில் மூன்று வகை விரிசல் இருந்தது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் வகை, மேல்முகத்தில் சாய்வாக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக, சாண் அளவு இடைவெளியில் ஓடிய குட்டை விரிசல்கள். எதுவும் ஓரத்தைத் தொடவில்லை. ஒன்றின் மேல் உளியை வைத்து மெல்லத் தட்டித் திறந்தேன். விரிசல் ஜல்லியை உடைக்காமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது. இறுகிய பிறகு வரும் விரிசல் பல இடங்களில் ஜல்லியையும் பிளந்துகொண்டு போகும். இது சாந்து இளகியிருந்தபோதே, ஊற்றிய சில மணி நேரத்துக்குள் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஊற்றியது மார்கழியில், திருவாதிரை சமயம், திறந்த களத்தில், பதினோரு மணி வெயிலில். பாலக்காட்டுப் பக்கம் இருந்தவர்களுக்கு இதைக் கேட்டதுமே புரிந்திருக்கும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்த இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து ஈரக்காற்று இதன் வழியே கிழக்கே போகும். மார்கழி தையில் கோயம்புத்தூர்ச் சமவெளியின் வறண்ட காற்று இதே வழியில் மேற்கே பாயும். அந்தக் காற்றில் துவைத்த வேட்டி அரை மணியில் காய்ந்துவிடும். புதுக் கான்கிரீட்டுக்கும் அதே கதிதான்.

கலவையை ஊற்றி மட்டம் செய்ததும் ஜல்லியும் மணலும் மெல்லக் கீழே அமர, கொஞ்சம் தண்ணீர் மேலே கசிந்து வரும். அந்தத் தண்ணீர் ஊறி வரும் வேகத்தைவிடக் காற்று அதை உறிஞ்சும் வேகம் கூடினால் மேல்தோல் சுருங்கி, இழுக்கப்பட்டு, பிளக்கும். ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் ஆவியானால் ஆபத்து என்பது பொதுவாக எல்லோரும் கைக்கொள்ளும் எல்லை. இதற்கு எளிய சூத்திரம் உண்டு. காற்றும் கான்கிரீட்டும் 30 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால் ஆவியாவது சுமார் 0.4 லிட்டர். அதே நாளில் காற்று 25 கிலோமீட்டர் ஆனால் சுமார் 1.4 லிட்டர். வெயில் மாறவில்லை, சிமெண்ட் மாறவில்லை, காற்று மட்டும்தான் மாறியது. அக்காவிடம் கேட்டேன். "அன்னைக்குக் கொடியில போட்ட துணியெல்லாம் வேலியில போய்க் கிடந்துச்சுடா தம்பி" என்றாள். அப்புறம் எதற்குக் காற்றளக்கும் கருவி?

இரண்டாவது வகை, தண்ணீர் தெளித்தால் மட்டுமே தெரியும் வலைப்பின்னல் மாதிரியான மயிரிழைகள். ஆழம் இல்லை, நகக்கண் அளவு கூட இறங்கவில்லை. மேற்பரப்பு வழவழப்பாக வரட்டும் என்று உலர் சிமெண்டைத் தூவி, தண்ணீர் தெளித்துக் கரணையால் தேய்த்திருக்கிறார்கள். தரைக்குப் பலரும் செய்வதுதான். இப்படிச் செய்தால் மேலே ஒரு மெல்லிய தோல் மட்டும் சிமெண்ட் மிகுந்ததாகிவிடும். சிமெண்ட் மிகுந்த தோல் உள்ளே இருப்பதைவிட அதிகமாகச் சுருங்கும், வெடிக்கும். பலகையின் பலத்துக்கு இதனால் கேடில்லை. சாப்பாட்டு மேஜைக்குத்தான் கேடு. குழம்பு அந்தக் கோடுகளில் இறங்கினால் ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும்.

மூன்றாவதுதான் பலகையை இரண்டாக்கியது. நடுவில் குறுக்கே, நூல் பிடித்த மாதிரி நேராக. ஊற்றி நான்காம் நாள் இரண்டு முனையிலும் இரண்டு இரண்டு பேர் நின்று தூக்கியிருக்கிறார்கள். உள்ளே கோழி வலை இருந்தது. ஆனால் ஊற்றிய பிறகு மேலிருந்து அழுத்திவிட்டதால் அது மேல்முகத்துக்கு அரை அங்குலம் கீழேயே நின்றுவிட்டது. முனைகளில் பிடித்துத் தூக்கும்போது நடுப்பகுதி தொய்யப் பார்க்கும், அடிமுகம் இழுபடும், மேல்முகம் அமுங்கும். இழுபடும் அடிமுகத்தில் ஒரு கம்பி கூட இல்லை. வலை இருந்தும் பயனில்லை.

கணக்கு

ஆறடிக்கு மூன்றடி, ஒன்றரை அங்குலக் கனம், அதாவது 38 மில்லிமீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2400 கிலோ என்றால் பலகை 150 கிலோவுக்குச் சற்று மேலே வரும். மாமா மூன்று அங்குலம் கேட்டார். எடை 300 கிலோ என்றதும் விட்டுவிட்டார்.

இந்தப் பலகையை முனைகளில் மட்டும் பிடித்துப் படுக்கையாகத் தூக்கினால், அதன் சொந்த எடையாலேயே அடிமுகத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 1.6 நியூட்டன் அளவுக்கு இழுவிசை வரும். எம்20 தரக் கான்கிரீட் 28 நாளில் வளைவை எதிர்த்துத் தாங்குவது 3.1 நியூட்டன். நான்காம் நாளில் அதைவிட வெகு குறைவு. அதிலும் கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலுக்கும். ஏற்கெனவே காற்று கீறிய பலகை, தூக்கும்போது ஒரு குலுக்கல், இரண்டும் சேர்ந்தால் போதும்.

அதே பலகையை ஓரத்தின் மேல் நிறுத்தித் தூக்கினால் அதே இழுவிசை 24-இல் ஒரு பங்காகிவிடும். அகலத்தைக் கனத்தால் வகுத்தால் வரும் எண்தான் அது. கிரானைட் கடையில் கல்லை எப்போதும் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைப்பதும், வண்டியில் அப்படியே ஏற்றுவதும் இதனால்தான்.

படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தாங்கல்களை எங்கே வைப்பது? மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி, 0.207 பங்கு உள்ளே தள்ளி வைத்தால் நடுவில் வரும் வளைவும் தாங்கலின் மேல் வரும் வளைவும் சமமாகிவிடும். முனையில் வைத்தால் வருவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் அப்போது வரும். ஆறடிப் பலகைக்கு அது முனையிலிருந்து 38 சென்டிமீட்டர். மேஜைக் கால்களையும் அங்கேயே வைத்தோம். இதில் இன்னொரு லாபம், தலைமாட்டில் உட்காருபவருக்கு முட்டி இடிக்காது. எண்பது கிலோ ஆள் முனையில் ஏறி உட்கார்ந்தாலும் பலகை மறுபக்கம் தூக்காது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். தேங்காய் வெட்டுகிறவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள் என்று நம்புவதற்கில்லை.

அச்சு

கல் மாதிரி முகம் வேண்டுமென்றால் முகத்தைக் கீழே வைத்து வார்ப்பதே வழி. ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர்கள் கண்ணாடியின் மேல் நிறக் கலவையை ஊற்றி, அதன் மேல் உலர் கலவையும் சாந்தும் இட்டு, கடைசியில் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். கண்ணாடி எவ்வளவு வழவழப்போ அவ்வளவு கல்லும். ஆறடிக் கண்ணாடி நமக்குக் கட்டுப்படியாகாது. சென்ட்ரிங் வேலைக்கு வரும் படலம் ஒட்டிய 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். முகத்தைக் கீழே வைப்பதில் காற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது. மேலே திறந்து கிடப்பது மேஜையின் அடிப்பக்கம்தான். அங்கே ஒரு கோடு விழுந்தாலும் சாப்பிடுகிறவர் கண்ணில் படாது.

பிளைவுட்டை நேராக மண்ணில் போடக் கூடாது. கொட்டகைக்குள் ஹாலோ பிளாக் அடுக்கி, அதன் மேல் இரும்புக் குழாய்கள், குழாய்களின் மேல் பிளைவுட். ரசமட்டம் நீளத்துக்கும் அகலத்துக்கும் சரி என்று சொன்னாலும் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். முறுக்கல் இருந்தால் அக்காவின் டம்ளர் ஆடும். ஓரச் சட்டங்கள் 38 மில்லிமீட்டர் உயரத்துக்கு அறுத்த பிளைவுட் பட்டைகள். உள்மூலை நெடுக சிலிகான் இழுத்து, நனைத்த விரலால் ஒரே இழுப்பில் தடவிவிட்டால் பலகையின் விளிம்பு உருண்டு வரும். இது அழகுக்காக மட்டுமில்லை. கூர் விளிம்புதான் முதலில் சில்லுப் போகும்.

மழைத் தண்ணீர் ஓரத்திலிருந்து அடிப்பக்கமாக ஊர்ந்து இரும்புச் சட்டத்தை நனைக்கும். அதற்காக, திறந்த பக்கத்தில் விளிம்பிலிருந்து ஓரங்குலம் தள்ளி மெல்லிய கயிறு ஒன்றைச் சுற்றிப் பதித்து, இறுகியதும் உருவிவிட்டோம். சன்ஷேடின் அடியில் தண்ணீர் சொட்டுவதற்குக் கொத்தனார்கள் வெட்டும் காடி மாதிரிதான். அச்சுக்குப் பூசியது தேங்காய் எண்ணெய், துணியில் தொட்டுத் துடைத்த அளவு. பட்டறையில் பழைய ஆயில் பூசுவோம். சாப்பிடும் முகத்தில் அந்தக் கறையை விடுவதா?

கம்பிக்கு ஜி.ஐ. வெல்டு மெஷ், இரண்டடுக்கு. கால்களுக்கு நடுவே அடிமுகம் இழுபடும், கால்களுக்கு நேர் மேலே மேல்முகம் இழுபடும், ஆகவே இரண்டு முகத்துக்கும் ஒவ்வொன்று. சாப்பிடும் முகத்திலிருந்து 15 மில்லிமீட்டர் உள்ளே ஒன்று, அடிமுகத்திலிருந்து 12 மில்லிமீட்டர் உள்ளே இன்னொன்று. வழக்கமாகக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்போம். இங்கே வைத்தால் அதன் அடையாளம் முகத்தில் அப்படியே தெரியும். எனவே அச்சின் குறுக்கே ரீப்பர் கட்டைகளை வைத்து, கட்டுக்கம்பியால் மெஷைத் தொங்கவிட்டோம். ஊற்றி நிரப்பியதும் கட்டுக்கம்பியை வெட்டிக் கட்டையை எடுத்துவிடலாம்.

ஊற்றியது

சிமெண்ட் ஒன்று, எம்.சாண்ட் ஒன்றரை, கால் அங்குலச் சிப்ஸ் இரண்டு. மொத்தத்துக்கும் 31 கிலோ சிமெண்ட், அதாவது மூட்டையில் அரைக்குச் சற்று மேல். தண்ணீர் சிமெண்ட் எடையில் நூற்றுக்கு 43 பங்கு, 13 லிட்டரை ஒட்டி வரும். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் இதில் கழிக்க வேண்டும். இவ்வளவு குறைந்த தண்ணீரில் கலவை விறைப்பாக இருக்கும். கூட ஒரு குவளை ஊற்றச் சொல்லிக் கை பரபரக்கும். ஊற்றக் கூடாது. அதற்குப் பதில், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரைப் பாட்டிலில் போட்ட அளவுப்படி சேர்த்தோம். மூட்டைக்கு ஒன்று என்று விற்கும் கான்கிரீட் நார்ப் பாக்கெட்டில் அரைக்கு மேல் கொஞ்சம். இளகிய நிலையில் வரும் விரிசலுக்கு அது நல்ல காவல்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குக் கோடி மழை குறைந்த பகுதி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000. தோப்புப் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை அக்கா தினமும் பார்க்கிறாள். கலக்கவும், இறுகும் நாட்களில் ஈரம் காயாமல் நீராற்றவும் குடிக்கிற குழாய்த் தண்ணீரையே எடுத்தோம். நீராற்ற எந்தத் தண்ணீரானால் என்ன என்று நினைப்பார்கள். உப்புத் தண்ணீர் காயக் காய வெள்ளைத் திட்டுகள் முகத்திலேயே உட்காரும்.

ஊற்றியது கொட்டகைக்குள், விடிந்தும் விடியாததுமாக. கிழக்குப் பக்கத் தட்டியின் மேல் தார்ப்பாய் கட்டிக் காற்றை அடைத்தாயிற்று. முதலில் மெல்லிய ஒரு படுகை, கையுறை போட்டு மூலைகளில் விரலால் அழுத்தி நிரப்பினோம். பிறகு மீதி. காற்றுக் குமிழியை வெளியேற்ற வைப்ரேட்டர் எல்லாம் வேண்டாம். உளி மாட்டாத டிரில்லிங் மிஷினைத் தட்டும் நிலையில் வைத்து, பிளைவுட்டின் அடியிலும் ஓரச் சட்டத்திலும் அழுத்திக்கொண்டே நகர்த்தினோம். குமிழிகள் மேலே வந்து உடைவது நின்றதும் அடுத்த இடம். மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்தோம். அடிப்பக்கம் என்பதால் கரணை வேலை அதிகம் இல்லை.

சமன் செய்த கையோடு பாலித்தீன் விரித்து ஓரம் நெடுகச் செங்கல் வைத்தோம். இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான். "கொஞ்சம் இறுகட்டும், டீ குடிச்சிட்டு வந்து மூடலாங்க" என்று உதவிக்கு வந்த பையன் சொன்னான். அந்த டீ நேரத்தில்தான் முதல் பலகை போயிற்று. இறுகியதும் பாலித்தீனுக்கு அடியில் நனைந்த சாக்கு. கலப்புச் சிமெண்டுக்கும், உலர்ந்த வெப்பமான இடத்துக்கும் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும் என்பது அதே ஐ.எஸ். 456 விதி. எங்களுக்கு இரண்டும் பொருந்தும். பத்து நாளுக்குச் சாக்கு காயவே இல்லை.

புரட்டல்

ஓரச் சட்டங்களை மட்டும் மூன்றாம் நாள் கழற்றினோம். பலகை ஒரு வாரம் அச்சிலேயே கிடந்தது. பிறகு நீள ஓரத்தில் இரண்டு பழைய ஸ்கூட்டர் டயர், அதன் மேல் மடித்த சாக்கு, ஆறு பேர். பிளைவுட்டோடு சேர்த்தே நிமிர்த்தி, டயரின் மேல் ஓரம் உட்கார்ந்ததும் பிளைவுட்டைப் பிரித்தோம். மெல்லச் சப்தம் கொடுத்து விட்டது. அப்போதுதான் முகம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், எதிரில் நிற்பவர் நிழல் விழும் பளபளப்பு. மாமா கையால் தடவிவிட்டு, "இதுக்கு மேல எதுக்கு மாப்ள தேய்க்கணும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பளபளப்பு சிமெண்ட் பால் இறுகிய தோல். வெளியே கிடந்தால் சீக்கிரம் மங்கும். கல்லின் தோற்றம் அதற்கு அடியில், ஜல்லியில் இருக்கிறது. முனையிலிருந்து 38 சென்டிமீட்டரில் இரண்டு கட்டைகளை வைத்துப் படுக்க வைத்து, மீதி நீராற்றலைத் தொடர்ந்தோம்.

தேய்ப்பு பழைய மொசைக் தரை வேலையின் முறைதான், மிஷின் மட்டும் சின்னது. கை கிரைண்டரில் ஈரத்தில் தேய்க்கும் வைரப் பேடுகள், 50 நம்பரில் தொடங்கி 400 வரை. முதல் பேடிலேயே மணல் தெரியும், இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் நீலச் சாம்பல் ஜல்லி வெட்டு முகம் காட்டும். அங்கே நிறுத்த வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஆசைப்பட்டு அதிகம் தேய்த்தால் குழி விழும், டம்ளர் ஆடும். 50 நம்பர் முடிந்ததும் ஊசிக்கண் துளைகளுக்கு அதே சிமெண்டைப் பாலாகக் கரைத்துத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்ப்பு. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடம் என்பதால், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. உள்ள இணைப்பிலிருந்து மட்டுமே எடுத்தோம். உலர்வாகத் தேய்த்தால் வரும் தூசி நுரையீரலுக்கு எமன். ஈரத்தில் தேய்த்தாலும் முகமூடி போடுங்கள்.

கறுப்பு ஆக்சைடு கலந்து கடப்பைக் கல் நிறத்துக்குக் கொண்டு வரலாமா என்ற பேச்சும் நடந்தது. வேண்டாமென்று விட்டோம். பங்குனி வெயிலில் கறுப்புப் பலகையில் முழங்கை வைக்க முடியாது.

மஞ்சள்

அச்சில் மிஞ்சிய கலவையை ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றி மாதிரிக் கட்டிகள் எடுத்து வைத்திருந்தோம். அவற்றை அக்காவிடம் கொடுத்து, சமையலறையில் என்னென்ன கறை படுமோ எல்லாம் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் போன் வந்தது. "சாம்பார் செவப்பாகுதுடா!"

கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, சுண்ணாம்பின் குணம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டுக் கரைப்பதே அதை வைத்துத்தான். புதுக் கான்கிரீட்டில் சாம்பார்த் துளி விழுந்தால் செம்பழுப்பு வட்டம் வரும். நல்ல வேளையாக, மஞ்சள் கறை வெயிலில் வெளிறும். வேப்பமரத்தின் கிழக்கே வைத்த கட்டியில் அது நாளாக ஆக மங்கியது, கொட்டகைக்குள் இருந்த கட்டியில் அப்படியே நின்றது.

எலுமிச்சையும் புளியும்தான் நிஜமான எதிரிகள். எலுமிச்சைச் சாறு விழுந்த இடத்தில் பொடிநுரை கிளம்பி, துடைத்த பின் சொரசொரப்பான மங்கல் திட்டு நின்றது. அது கறையில்லை, அரிப்பு. துடைத்துப் போகாது, மறுபடி பேடு போட்டால்தான் போகும். தேங்காய் எண்ணெய் கருவட்டமாக இறங்கியது. தயிர் அரை மணிக்குள் துடைத்தவரை ஒன்றும் செய்யவில்லை.

பூச்சுகளையும் அதே கட்டிகளில் போட்டுப் பார்த்தோம். உள்ளே ஊடுருவும் சைலேன் வகைப் பூச்சு தண்ணீரை முத்து முத்தாக நிறுத்தியது, நிறத்தை மாற்றவில்லை. ஆனால் எலுமிச்சையைத் தடுக்கவில்லை. மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் எலுமிச்சையைத் தடுத்தது, சூடான குக்கரை வைத்ததும் வெள்ளை வட்டம் விழுந்தது. எபாக்சி வெயிலில் மஞ்சளிக்கும் என்பதால் தொடவே இல்லை. இரண்டு பாகம் கலந்து பூசும் பாலியூரித்தேன் தாங்கும், ஆனால் மேஜை பிளாஸ்டிக் பூசிய மாதிரி மினுங்கும். அப்புறம் கல் எதற்கு? கடைசியில் சைலேன் பூச்சு, அதன் மேல் தேன்மெழுகு. விருந்தென்றால் வாழையிலை, மற்ற நாளில் தட்டு. ரசம் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். அது பூச்சைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

கால்களும் அதன் பின்னும்

கால்கள் 50-க்கு 50 இரும்புச் சதுரக் குழாய், இரண்டு மில்லிமீட்டர் கனம், இரண்டு சட்டங்கள், நடுவே ஓர் இணைப்பு. மேஜை மட்டம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர். பொள்ளாச்சியில் வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடும் எனாமலும் அடித்து வந்தது. மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான், பலகைக்கு ஆன சிமெண்டும் ஜல்லியும் அதில் சிறு துண்டு. பலகையைச் சட்டத்தோடு சிமெண்ட் வைத்து ஒட்டவில்லை. ரப்பர்த் துண்டுகள், அதன் மேல் சிலிகான் பொட்டு. வெயிலில் இரும்பும் கான்கிரீட்டும் வேறு வேறு நேரத்தில் சூடேறி நீளும், அதற்கு இடம் வேண்டும். ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து, தண்ணீர் ஓடக் கண்ணுக்குத் தெரியாத வாட்டம் கொடுத்தோம்.

மேஜை போட்ட இடத்தைப் பற்றி மாமாவோடு கொஞ்சம் வாக்குவாதம். நிழல் நன்றாக இருக்கிறதென்று தென்னை வரிசைக்குப் பக்கத்தில் இழுக்கப் பார்த்தார். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரைக்கு வரும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். மேஜையைவிட உட்கார்ந்திருப்பவர் தலைதான் கவலை. வேப்பமரத்தடியிலேயே நின்றது.

ஒரு மழைக்காலம் கடந்து பார்த்ததில் மேல்முகத்தில் விரிசல் ஒன்றும் இல்லை. அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் உப்புப் பூத்திருந்தது, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்ததும் போய்விட்டது. பாதிப்பு என்று சொல்லத்தக்கது இரண்டு. கிணற்றுப் பக்க மூலையில் விரற்கடை அளவுக்கு ஒரு சில்லு, இளநீர்க் குலையை அப்படியே போட்டதால். இன்னொன்று, மண்ணில் நின்ற கால்களின் அடியில் துரு. காலுக்குக் கீழே வார்த்த கட்டைகளை அப்போதே வைத்திருக்கலாம், இப்போது வைத்தாயிற்று. இளநீரை மேஜையில் வைத்து அரிவாள் போடக் கூடாது என்று சொன்னால் கேட்பவர்கள் குறைவு. அதற்காக ஒரு மரக்கட்டை பக்கத்திலேயே கிடக்கிறது.

அடுத்தது பெஞ்ச். அதே பிளைவுட், ஒரு ஓரச் சட்டத்தை மட்டும் உள்ளே நகர்த்தினால் 35 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சு தயார். ஒரு பெஞ்ச் பலகை 58 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கலாம். உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டர். இரண்டு பெஞ்சுக்கும் கால்களைச் சேர்த்தே வெல்டிங்கில் சொல்லியாயிற்று. கொட்டகையில் இப்போது கொப்பரை நிறைந்திருக்கிறது, அது இறங்கியதும் ஊற்றுகிறோம். அதற்குள் களத்திலேயே ஊற்றிவிடலாமே என்று மாமா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.